கேத்தலும் ரேடியேட்டரும்

கற்பிட்டி,
ஞாயிற்றுக்கிழமை.

என்ட செல்ல மச்சிக்கு,

நீ மன்னாருக்குத் திரும்பிப் போன நாளிலிருந்து மனசுவிட்டுக் கதைக்க எனக்கு ஆளில்லை புள்ள, ஃபோனில கதைக்கத் தொடங்கினா இவர் பக்கத்தில வந்து குந்திக்கொள்ளுறார், அதான் எழுதுறன்.

எங்கட டவுன்ஏஸ் வானை மறந்திருக்க மாட்டாய், உன்ட மூத்தவளை நடுச்சாமத்தில ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடின அதே வான்தான். போன கிழமை புத்தளத்தில ஒரு கலியாணம், ஆள் நிறைய ஏறியாச்சு, என்ட மடியில வட்டலப்பத் தட்டு. அந்த வானில எஞ்சின் முன் சீட்டுக்கு அடியிலதானே, சூட்டு முள்ளு ஏற முன்னமே எனக்குத் தெரிஞ்சிரும். நுரைச்சோலை தாண்டினதும் "சீட்டு சுடுது"ண்டு சொன்னன். "வெயில்தானே"ண்டார். பாலாவிக்குக் கிட்ட வரக்குள்ள முள்ளு சிவப்பில, வான் முழுக்க ஆவி, மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால நாங்க ரோட்டோரத்தில கழுதைகளோட நிக்கிறம். (நம்மட ஊர்க் கழுதைகளுக்கு அண்டைக்கு எங்களைவிட மரியாதை கூட.)

இவர் ரேடியேட்டர் மூடியில கையை வைக்கப் போனார், நான் கத்தின கத்தல் உனக்கு மன்னாரில கேட்டிருக்கும். மூடி இறுக்கமா இருக்கிற வரைக்கும் உள்ளுக்க அமுக்கத்தில தண்ணி 118 பாகைக்குக் கிட்டப் போனாலும் கொதிக்காதாம், திறந்த அந்த நொடியில குப்பெண்டு கொதிச்சு முகத்தில அடிக்கும். அரை மணித்தியாலம் ஆறவிட்டு, நனைச்ச சாக்கைப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பினது. வட்டலப்பம் அதுக்குள்ள கஞ்சியாப் போச்சு.

பிறகு ஆளாளுக்கு வைத்தியம். கொழுந்தனார் வந்து "இது 2சி டீசல் எஞ்சின், ஹெட் வெடிக்கிறதுக்குப் பேர்போனது, வித்துருங்க"ண்டார். வித்துட்டு எதில போறதாம்? 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டி, 2025 பெப்ரவரியிலதானே காருகளுக்குத் திரும்ப வழிவிட்டாங்க, இப்ப வரியோட விலை கேட்டா எங்கட எஞ்சினைவிட நமக்குத்தான் சூடேறும்.

கராஜ் பாஸ் நல்ல மனிசன், வீட்டுக்கே வந்து பார்த்தார். முதல்ல எண்ணெய்க் கம்பியை உருவி வெளிச்சத்தில பிடிச்சார், எண்ணெய் பால் தேத்தண்ணி நிறத்தில இல்லை. எஞ்சினை ஓடவிட்டு ரேடியேட்டர் வாயைப் பார்த்தார், குமிழி கிளம்பலை, சைலன்சரில வெள்ளைப் புகையும் இல்லை, ஹெட் தப்பிச்சு, அல்ஹம்துலில்லாஹ். ஃபேன் பெல்ட்டும் இறுக்கமாத்தான் இருந்தது. பிறகு தெர்மோஸ்டாட்டைக் கழட்டி, என்ன செய்தார் தெரியுமா மச்சி, என்ட பால் காய்ச்சுற சட்டியைக் கேட்டு வாங்கித் தண்ணியில போட்டு அடுப்பில வெச்சார்! அதில 82 பாகையெண்டு அடிச்சிருக்கு, அந்தச் சூட்டில திறக்கணுமாம். தண்ணி சலசலக்கத் தொடங்கினதும் நடுத்தட்டு என்ட சின்ன விரல் நகமளவு கீழ இறங்குது, பார்க்க ஆசையாத்தான் இருந்தது, ஆனா சட்டி போச்சு. "இந்தச் சூட்டு நாட்டில இது எதுக்கு, கழட்டி எறியுங்க"ண்டு கொழுந்தனார். சில எஞ்சினில அதை எடுத்தா தண்ணி ரேடியேட்டருக்குப் போகாம குறுக்கு வழியிலேயே சுத்திச் சூடு கூடுமெண்டு பாஸ் மறுத்துட்டார்.

அப்பதான் கேட்டார், "எப்ப சூடேறுது, ஊருக்குள்ள ஊருறப்பவா, நீட்டுக்கு ஓடுறப்பவா?" இவர் முழிக்கிறார். சீட்டில குந்துறது நான்தானே, "சந்தைக்குள்ள நிண்டாலும் ஒண்டுமில்லை, பாரத்தோட வேகமா ஓடினாத்தான்"ண்டன். அவர் முகம் மலர்ந்துட்டு. மெல்லப் போறப்ப சூடேறினா விசிறியைப் பார்க்கணுமாம், வேகத்தில காத்துத் தானா வந்து அடிக்கும், அப்பவும் ஏறினா ரேடியேட்டர் அடைச்சிருக்கணும். எஞ்சினை நிப்பாட்டிட்டு என்னையே ரேடியேட்டரைத் தடவிப் பார்க்கச் சொன்னார்: மேல கை வைக்க ஏலாத சூடு, கீழே ஒரு பக்கம் சில்லெண்டு கிடக்கு. அவ்வளவு குழாயிலயும் தண்ணி ஓடலை.

ஏனெண்டு நினைக்கிறாய், நம்மட கிணத்துத் தண்ணிதான். கேத்தலுக்குள்ள படியுற வெள்ளைப் படையைச் சுரண்டிச் சுரண்டி எனக்குக் கை ஓய்ஞ்சது, அதே தண்ணியை இவர் வருசக்கணக்கா வானுக்கும் ஊத்தியிருக்கார்! வெளிப்பக்கம் உப்புக்காத்துத் தகடுகளைத் தின்னிருக்கு. நுரைச்சோலை மின்நிலையம் 900 மெகாவாட்டுக்கும் கடலை உறிஞ்சித்தானே தன்னைக் குளிர வைக்குது, எங்கட வானுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

புத்தளத்தில ரேடியேட்டரைப் பிரிச்சுக் கம்பி விட்டுக் குத்தி எடுத்தாங்க, ஒரு கோப்பை சுண்ணாம்பு வந்தது. இப்ப பச்சைக் கூலன்ட்தான். அது இனிப்பா இருக்குமாம், ஆனா விஷம், பூனை நக்கினாலும் செத்துரும், அதனால போத்தலை அலுமாரிக்கு மேல ஏத்திட்டன்.

இவர் ஜும்ஆ முடிஞ்சு வாறவங்களிட்ட எல்லாம் "நான்தான் பிடிச்சன்"ண்டு சொல்லிக்கொண்டு திரியுறார், நானும் வாயைத் திறக்கலை. நீ வரக்குள்ள ஒரு பால் சட்டி வாங்கிக்கொண்டு வா, வட்டலப்பம் திரும்பச் செய்யணும்.

உன்ட மச்சி.