இடைவெளியற்ற இசைத்தொகுப்பு: ஹெப்பாள் குறிப்புகள்

திங்கள்

தனித்தனியே பதிவான உருப்படிகளை ஒரே தொடர் ஒலியாக வெளியிடுவதில் இரு வேலைகள் அடங்கியுள்ளன: உருப்படிகளின் முனைகளை ஒட்டுத் தெரியாமல் இணைப்பது ஒன்று, இணைந்த முழுமையின் ஒலியளவையும் தொனியையும் வெளியீட்டுக்கு முன் இறுதியாகச் சீர்செய்யும் மாஸ்டரிங் மற்றொன்று. மைசூருவின் ஹெப்பாள் பகுதியில், ஒரு வீட்டின் அறையில் வெவ்வேறு மாதங்களில் பதிவான வீணை உருப்படிகளுக்கு இவ்வேலைகள் இன்று தொடங்கின. கச்சேரியில் ஒரு கீர்த்தனை முடிந்து அடுத்தது தொடங்கும்வரை தம்புரா ஓய்வதில்லை. ஆகவே கர்நாடக இசைத்தொகுப்பின் ஒட்டுகள் எல்லாம் தம்புராவின் மேல்தான் விழுகின்றன என்பதும், வீணையின் முதல் மீட்டைவிட அதற்கு முந்தைய சில நொடிகளே அதிகக் கவனம் கோருகின்றன என்பதும் முதல் கேட்பிலேயே புலனாயின.

செவ்வாய்

எல்லா உருப்படிகளும் இரண்டரைக் கட்டைச் சுருதியில் பதிவானவை என்றாலும், அவற்றுள் இரண்டு சற்றே இறங்கி ஒலிக்கின்றன. இரண்டரைக் கட்டையின் ஷட்ஜம் ஏறத்தாழ 155.6 ஹெர்ட்ஸ், அதிலிருந்து அரைச்சுரத்தின் பத்தில் ஒரு பங்கு விலகினால் வேறுபாடு 0.9 ஹெர்ட்ஸ் ஆகிறது. சரியான பதிவின் தம்புராவையும் இறங்கிய பதிவின் தம்புராவையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தால், இயற்பியல் பாடநூல்கள் விம்மல் என்று குறிப்பிடும் ஏற்ற இறக்கம் நொடிக்கு ஏறத்தாழ ஒருமுறை எழுகிறது. மேல் சுரங்களில் அது இன்னும் விரைவாகத் துடிக்கிறது. தனித்துக் கேட்கும்போது குறையற்ற சுருதியாகத் தோன்றுவது, இணைப்பில் மட்டும் கலங்குவதன் காரணம் இதுவே.

இறங்கிய பதிவின் வேகத்தை 0.58 விழுக்காடு கூட்டினால் சுருதி சரியாகிறது. பத்து நிமிட உருப்படி மூன்றரை நொடி குறையும், அவ்வளவே. நீளத்தை மாற்றாமல் சுருதியை மட்டும் உயர்த்தும் மென்பொருள் வழியும் உண்டு. ஆயினும் அது ஒலியைச் சிறு துண்டுகளாக்கி மீண்டும் அடுக்குவதால் வீணைத் தந்தியின் மீட்டு மழுங்குகிறது, கமகத்தின் வழுக்கலில் கரகரப்பு நுழைகிறது. கமகமே உயிரான இசைக்கு இந்த வழி தகாது. மூன்றரை நொடியை இழப்பதே மேல்.

புதன்

ஓர் ஒலி தேய, மற்றோர் ஒலி வளரும்படி இரண்டையும் சற்றுநேரம் மேற்படிய வைப்பது கிராஸ்ஃபேட் எனப்படுகிறது. இரு தம்புரா ஒலிகளும் வெவ்வேறு வேளைகளில் பதிவானவை, அலைகள் ஒன்றோடொன்று பொருந்தாதவை. அவற்றை நேர்கோட்டில் ஏற்றி இறக்கினால் நடுப்புள்ளியில் ஒலி 3 டெசிபெல் தாழ்ந்து குழி விழுகிறது. ஒவ்வொன்றும் நடுவில் 3 டெசிபெல் மட்டும் தாழும் வளைகோட்டைப் பயன்படுத்தினால் அந்தக் குழி மறைகிறது.

அறையின் ஓசையும் தொடர வேண்டும். தொழிற்பேட்டையை ஒட்டிய ஹெப்பாளில் பகற்பதிவில் லாரிகளின் தாழ்ந்த உறுமலும் இரவுப்பதிவில் பூச்சிகளின் ரீங்காரமும் படிந்துள்ளன. இதில் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் சேர்ந்துகொள்கிறது. இரைச்சலை முற்றிலும் துடைக்க முயன்றால் ஜீவா எனப்படும் தம்புராவின் ரீங்காரமும் உடன் போகிறது. ஆகவே வாசிப்புக்கு முன்னும் பின்னும் வெறும் அறையை அரை நிமிடம் பதிந்து வைத்திருப்பது, பின்னர் ஒட்டுப்போடுகையில் பெருந்துணையாகிறது.

வியாழன்

மைசூருவுக்கு இத்தகைய இணைப்பு அந்நியமானதன்று. மைசூரு மன்னர் ஜெயசாமராஜ உடையாரின் பொருளுதவியால் 1940-களின் பிற்பகுதியில் லண்டனில் மெட்னர் சங்கம் தோன்றி, ருஷ்யப் பியானோ இசைஞர் நிக்கோலாய் மெட்னரின் படைப்புகள் அவர் வாசிப்பிலேயே எச்.எம்.வி. இசைத்தட்டுகளாக வெளிவந்தன. 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கத்தில் நாலைந்து நிமிட இசையே அடங்கும் என்பதால், நீண்ட கான்செர்ட்டோக்கள் பல பக்கங்களாகத் துண்டாக நேர்ந்தது. பிற்காலத்தில் இத்தகைய தட்டுகளைக் குறுந்தகடாக்கியவர்கள் பக்கத்துக்குப் பக்கம் மாறிய சுருதியையும், பரப்பின் சரசரப்பையும், பாதியில் அறுந்த மண்டபத்தின் எதிரொலியையும் பொருத்த வேண்டியிருந்தது. மன்னரின் கொடையால் பதிவான இசையும் வீட்டறையில் பதிவான இசையும் இவ்விடத்தில் ஒரே கைவேலையைக் கேட்கின்றன.

வெள்ளி

இன்று ஒலியளவு. காது உணரும் உரப்பை அளக்கும் எல்.யு.எஃப்.எஸ். என்ற அலகின் கணக்குமுறை, 2006-இல் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரையாக வெளிவந்தது; ஸ்பாட்டிஃபை தன் கேட்பளவை −14 என்ற புள்ளியை ஒட்டி வைக்கிறது. இதைக் கண்டு ஒவ்வோர் உருப்படியையும் தனித்தனியே −14-க்கு ஏற்றுவது பரவலான பழக்கம். தொடர் தொகுப்பில் அது பெருங்கேடு. ஆலாபனை தணிந்தும் தனி ஆவர்த்தனம் ஓங்கியும் நிற்பதே கச்சேரியின் அமைப்பு. இரண்டையும் சமப்படுத்தினால் அடியில் ஓடும் தம்புரா ஆலாபனையில் பெரிதாகி, மிருதங்கம் சேரும் உருப்படியில் சிறுத்து, ஒட்டு அம்பலமாகிறது. ஆகவே முழுத் தொகுப்பும் ஒரே அளவில் உயர்த்தப்பட்டு, உச்சங்கள் மட்டும் லிமிட்டரால் −1 டெசிபெலில் நிறுத்தப்பட்டன. பெரிய சபைகளில் ஒலி எட்டுவதற்காக வயலின் கலைஞர் மைசூரு சௌடையா ஏழு தந்தி வயலினை உருவாக்கினார். கருவியிலேயே பிறந்த அந்த வன்மையை லிமிட்டரால் பிழிந்து பெற முடியாது.

ஞாயிறு

குறுந்தகட்டின் ஒலி, நொடிக்கு 44,100 மாதிரிகளாகவும் 75 சட்டகங்களாகவும் பகுக்கப்படுகிறது. எனவே ஒரு சட்டகத்துக்கு 588 மாதிரிகள் உள்ளன. டிராக்கின் எல்லை சட்டகத்தின் நடுவில் விழ இயலாது என்பதால், இணைந்த நீள்கோப்பு 588-இன் மடங்குகளிலேயே வெட்டப்பட்டது. எம்.பி.3 வடிவம், ஒலியை 1,152 மாதிரிகள் கொண்ட கட்டங்களில் அடைப்பதால் தொடக்கத்திலும் முடிவிலும் சிறிது மௌனத்தைத் தானே சேர்த்துவிடுகிறது. அதை நீக்கத் தெரியாத இயக்கியில் தம்புரா ஒவ்வோர் எல்லையிலும் விக்குகிறது. ஃபிளாக் வடிவத்தில் இக்குறை இல்லை. ஆதலால் டிராக்குகளாகப் பிரித்த வெளியீடு ஃபிளாக்கிலும், எம்.பி.3 கேட்போருக்கு முழுத் தொகுப்பும் பிரிக்கப்படாத ஒரே கோப்பாகவும் அமைய வேண்டும் என்று முடிவாயிற்று.