கொல்லம் ஆண்டுக் காசு

வீட்டில் பழைய வெள்ளிக் காசு இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் கூடப்பிறந்தவர்கள் பேசுகிற தொனியே மாறிவிடுகிறது. ஆச்சி காலமான பிறகு செங்கோட்டை வீட்டுப் பெட்டகத்தைத் திறந்து, பழம்புடவைக் கிழிசலில் முடிந்திருந்த காசுகளைத் தரையில் கொட்டினோம். அக்காவுக்கு வீட்டு வேலை பாதியில் நின்றிருந்தது. எனக்கு மகளின் கல்லூரிக் கட்டணம். தம்பி வாய் திறக்கவில்லை. ஆனால் எண்ணும்போது மூவரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த முடிச்சைத் தூக்கிய கனத்திலேயே என் மனசு லட்சங்களில் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. அந்த ஆசையைச் சொல்லாமல் இதை எழுத முடியாது.

ஆசைக்குத் தூபம் போடத் தம்பியின் கைப்பேசியில் காணொளிகள் வேறு. ஒரு காசுக்கு இத்தனை லட்சம் என்பார்கள், முதலில் கமிஷன் கட்டு என்பார்கள். எங்கள் பெயரைச் சொல்லி இப்படிப் பணம் கேட்பவர்களை நம்பாதீர்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021-இல் அறிவித்திருந்தது. தென்காசி நகைக்கடையில் விசாரித்தால், “காசுன்னு பாக்க மாட்டோம் அண்ணாச்சி, பழைய வெள்ளி என்ன எடையோ அதுதான்” என்றார்கள். லட்சத்துக்கும் எடைக்கும் நடுவில் உண்மை எங்கே இருக்கிறது என்று சொல்ல ஆள் வேண்டியிருந்தது.

குற்றாலம் போகிற வழியில் மேலகரத்தில் அப்படி ஒருவர் கிடைத்தார். தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், சிறு வயதிலிருந்து காசு சேர்ப்பவர். சாரல் அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் மூவருமே போனோம். ஒருவரை மட்டும் அனுப்ப மற்ற இருவருக்கும் மனம் வரவில்லை. அக்கா, “காசெல்லாம் கறுத்துக் கெடக்கு, புளி போட்டுத் தேச்சுக் கொண்டாந்திருக்கலாம்” என்றாள். அவர் பதறிவிட்டார். “தேச்சிராதம்மா. கறுப்பு அழுக்கில்ல. பளபளப்பு வரும், விலை போயிரும்.” காற்றில் இருக்கும் கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து படிகிற படலம் அது, ஈரம் மிகுந்த எங்கள் ஊரில் இன்னும் சீக்கிரம் படியும். தேய்க்கும்போது அதோடு காசில் இருக்கும் ராஜா தலைக் கிரீடத்தின் நுண்ணிய கோடுகளும் மழுங்கும். அது சேகரிப்பவர் கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும்.

காசை விளிம்பில் மட்டும் பிடித்து ஒவ்வொன்றாகச் சிறு தராசில் வைத்தார். பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. அதில் நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி என்பதால் ஏறத்தாழ 10.69 கிராம் சுத்த வெள்ளி தேறும். எங்களிடம் அதிகம் இருந்தவை ஆறாம் ஜார்ஜ் காசுகள், அதுவும் 1940-க்குப் பிறகு வந்தவை. உலகப் போரில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்ததும் அரசு அதைப் பாதியாகக் குறைத்துவிட்டது. பார்வைக்கும் எடைக்கும் அதே ரூபாய்தான், வெள்ளி மட்டும் 5.83 கிராம். ஒரு காசை நிமிர்த்திப் பிடித்து விளிம்பைக் காட்டினார். நடுவே ஒரு பள்ளம் ஓடியது. கள்ளக்காசு அடிப்பவர்களைத் தடுக்க அப்போது வைத்த ஏற்பாடாம். என் மனக்கணக்கு அந்தப் பள்ளத்தைப் பார்த்ததும் பாதியானது. 1947-ஆம் ஆண்டுப் புலிக் காசில் வெள்ளியே கிடையாது, வெறும் நிக்கல்.

பழசு என்றால் விலை கூடும் என்று நினைத்திருந்தோம். ஆச்சி ‘ராணி காசு’ என்று பொத்திப் பொத்தி வைத்திருந்த விக்டோரியா ரூபாய்களில் பல 1862 என்று போட்டவை. அந்த ஆண்டைப் போட்டே 1874 வரை அடித்திருக்கிறார்கள். ஆகவே அவை ஏராளம். அவற்றில் சிலவற்றுக்குக் கழுத்தில் போடக் கண்ணி வேறு பற்றவைத்திருந்தது. பற்றவைத்த காசு எடைக்குத்தான் போகும். அதற்கு நேர்மாறாக, 1939 என்று போட்ட ரூபாய் மிக அரிது. அரிது என்பதாலேயே சந்தையில் போலிகள் மலிந்து கிடக்கின்றன. எங்களிடம் அது இல்லை.

கடைசியில் விரல் நகம் அளவு காசு ஒன்று மிஞ்சியது. ஒரு முகத்தில் சங்கு, ஓரத்தில் 1099 என்ற எண். அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். “தம்பி, இது சோழர் காலத்துக் காசுலா!” எனக்கும் ஒரு கணம் குலோத்துங்கன் நினைவு வந்தது. காசு சேர்க்கும் அந்த அண்ணாச்சி நிதானமாக, “உங்க வீட்டுப் பழைய பத்திரத்துல என்ன வருசம் போட்டிருக்கு?” என்று கேட்டார். கொல்லம் ஆண்டு! செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த ஊர். தாத்தா வாங்கிய வயலின் பத்திரத்திலும் அந்த நாட்டு வழக்கப்படி கொல்லம் ஆண்டுதான். கொல்லம் 1099 என்பது 1923–24. மலையாளத்தார் இன்றும் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்று பேசுகிற அந்தப் பெருவெள்ளம் வந்த ஆண்டு. இது திருவிதாங்கூர் வெள்ளிப் பணம். பதினாறு காசு ஒரு சக்கரம், நாலு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு ரூபாய். ஆரியங்காவு கணவாய் வழியாக நெல் வண்டி ஓட்டிய தாத்தா இந்தக் கணக்கில்தான் கூலி வாங்கியிருப்பார். விலை கேட்டோம். பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் அந்த முடிச்சு முழுவதிலும் எங்கள் ஊர்க் காசு என்று சொல்லத்தக்கது அதுதான்.

துபாயில் இருக்கும் நண்பனிடம் கொடுத்து விற்கலாமா என்று தம்பி கேட்டான். நூறு வயது தாண்டிய காசு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்று தெரிந்துகொண்டோம்.

வீட்டுக்கு வந்து பங்கு பேசும் முன் பட்டியல் எழுதினோம். ஆண்டு, எடை, நிலை, மேலகரத்து அண்ணாச்சி சொன்ன விலை. ஒரே தாளை மூன்று பேரும் படித்த பிறகு ஒருவர் கையை ஒருவர் பார்ப்பது நின்றது. விலைமதிப்புச் செய்வதில் முக்கால் வேலை இந்தத் தாள்தான் என்பேன். போர்க்காலக் காசுகளை அன்றைய வெள்ளி விலைக்கே கொடுத்தோம். அதில் என் பங்கு கட்டணத்தில் ஒரு பகுதிக்கு உதவியது. ஆச்சி முடிந்து வைத்தது ஆபத்து அவசரத்துக்குத்தான், அதில் குற்ற உணர்வுக்கு இடமில்லை. 1911 ரூபாய் ஒன்றைத் தம்பி விலை பார்க்காமல் கேட்டு வாங்கினான். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அங்கியில் இருந்த யானை பன்றிபோல் தெரிகிறது என்று எதிர்ப்புக் கிளம்பி, அடுத்த ஆண்டே படத்தைத் திருத்திய காசு அது. அவனுக்கு அது பொருட்டில்லை. செங்கோட்டை வாஞ்சிநாதன் மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்ட ஆண்டு என்பதே போதும். சங்குப் பணத்தைப் பிரிக்கவில்லை. காகித உறையில், பத்திரத்தோடு அக்கா வீட்டில் இருக்கிறது. பிளாஸ்டிக் உறையில் பச்சைப் பிசின் கட்டும் என்று அந்த அண்ணாச்சி எச்சரித்திருந்தார்.

செங்கோட்டைப் பக்கம் பழைய வீட்டைப் பிரிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வரிசை வரிசையாகச் சிறு குழி வெட்டிய மரப்பலகை பரணில் கிடந்தால் விறகோடு போட்டுவிடாதீர்கள். அது சக்கரம் எண்ணும் பலகை. ஒரு பிடிக் காசை அதன்மேல் கொட்டி அசைத்தால் குழிக்கு ஒன்றாக உட்காரும், மிச்சத்தை வழித்துவிட்டால் எண்ணிக்கை சரியாக நிற்கும். பலகை கிடைத்தால் பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள், அதுவரை கறையான் ஏறாத இடத்தில் வையுங்கள்.