இரண்டு மணிக்குப் பின் மழை

நான்கு பருவங்கள் இல்லாத நமது நாட்டில், ‘வசந்த காலம்’ என்று பெயர் சொல்லிக் கொண்டாடும் ஊர் நுவரெலியாதான். ஏப்ரல் பிறந்துவிட்டால் மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம், கிரகரி வாவியில் படகுச் சவாரி என்று ஊரே திருவிழாக் கோலம் பூணும். கரையோர ஊர்களில் வெயில் தாங்காமல் தவிப்பவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலையேறுவார்கள். 2024ஆம் ஆண்டு சித்திரை விடுமுறையில் மட்டக்களப்பிலிருந்து நாங்களும் அப்படித்தான் புறப்பட்டோம்.

கண்டியில் பஸ் மாறினோம். கம்பளை, புசல்லாவை, இறம்பொடை என்று பாதை வளைந்து வளைந்து ஏறியது. கண்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியாவோ 1,868 மீற்றர். ஒரு கிலோமீற்றர் உயரே போனால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் குறையும் என்பது பொதுவான கணக்கு. அந்தக் கணக்கை எங்கள் உடம்பே உணர்ந்தது. இறம்பொடையைத் தாண்டியதும் மகள் பையைத் திறந்து சுவெற்றரைத் தேடத் தொடங்கினாள்.

பஸ்ஸில் வானொலி பாடிக்கொண்டிருந்தது. செய்தியின் கடைசியில் வழமையான வானிலை அறிக்கை வந்தது. மத்திய, சப்ரகமுவ, ஊவா மாகாணங்களில் பிற்பகல் இரண்டு மணிக்குப் பின்னர் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும் என்றார்கள். மின்னலில் இருந்து பாதுகாப்பாக இருக்கும்படியும் சொன்னார்கள். நாம் எத்தனை வருடமாகக் கேட்டுப் பழகிய வசனங்கள்!

“மழை பெய்தா படகில ஏறேலாதாம்மா?” என்று மகள் கேட்டாள். அந்த அறிக்கையில் எங்களுக்கு இருந்த கவலை அவ்வளவுதான்.

நாங்கள் தங்கியது ஊருக்கு வெளியே ஆசிரியத் தோழி ஒருவரின் வீட்டில். மறுநாள் விடியும்போது வானம் கழுவித் துடைத்தது போல இருந்தது. பீதுருதாலகால மலையின் உச்சிகூடத் தெளிவாகத் தெரிந்தது. வீட்டுக்குப் பின்னால் தேயிலை மலை. பெரட்டு முடிந்து, இடுப்பில் படங்கு கட்டிய பெண்கள் நிரைநிரையாக ஏறிக்கொண்டிருந்தார்கள். தோழிக்குத் தெரிந்த ஒரு அக்கா எங்களைக் கண்டு நின்றார்.

“இண்டைக்கு வெயில் நல்லாத்தானே இருக்கு அக்கா, மழை வராதுதானே?” என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். “காலையில இப்பிடித் தெளிவா இருந்தாத்தான் தங்கச்சி, ரெண்டு மணிக்குப் பொறகு கொட்டும். அதுக்குள்ள கிலோவ எடுத்துறணும்.”

வானிலை ஆய்வாளர்கள் நீளமாக விளக்குவதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். மார்ச், ஏப்ரல் மாதங்கள் நமது நாட்டில் முதலாவது இடைப்பருவ காலம். வடகீழ்ப் பருவக்காற்று ஓய்ந்து, தென்மேல் பருவக்காற்று இன்னும் தொடங்காத இடைவெளி. ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் மேலே வருகிறது. காலை வெயிலில் நிலம் நன்றாகச் சூடேறுகிறது. கரையிலிருந்து ஈரமான கடற்காற்று உள்ளே நகர்ந்து வந்து, மலைச்சரிவில் மேலெழுந்து, குளிர்ந்து, கருமுகிலாகத் திரள்கிறது. அதனால்தான் காலையில் வெயில், பிற்பகலில் இடிமழை. மின்னல் மிகுந்த மாதங்களில் ஏப்ரலும் ஒன்று.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வருடத் தொடக்கத்தின் வறட்சிக்குப் பிறகு இந்த மழையைக் குடித்துத்தான் தேயிலை செழித்துத் தளிர்க்கிறது. கொழுந்து அதிகமாக வரும் நாட்களும் இடி அதிகமாக விழும் நாட்களும் ஒன்றாகவே வருகின்றன.

அன்று ஒன்றரை மணிக்கே மூடுபனி இறங்கிவிட்டது. நாங்கள் வாவிக்கரையில் நின்றோம். முதல் இடி முழங்கியதும் படகுகளைக் கரைக்கு அழைத்தார்கள். குதிரைகளைக் கொட்டகைக்குக் கொண்டு போனார்கள். நாங்கள் ஓடிப்போய் ஒரு கடையில் சூடாகத் தேநீர் குடித்தோம். மாலையில் வீடு திரும்பும்போது அந்த அக்கா தலையில் பொலித்தீன் போர்த்தியபடி, நனைந்த படங்குடன் மடுவத்திலிருந்து வந்துகொண்டிருந்தார்.

“இடி இடிச்சதே அக்கா, இறங்கேல்லையா?”

“இறங்கணும்னு தெரியும் தங்கச்சி. கிலோ கொறைஞ்சா அரைப்பேர்தானே போடுவாங்க. ஈரக் கொழுந்துன்னு நிறுவையில தண்ணிக்கும் கழிச்சிருவாங்க.”

எனக்கு வாயடைத்துப் போயிற்று. படகுகளைக் கரைக்கு அழைத்த அதே இடியைக் கேட்டபடிதான் அவர் மலைமேல் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். எச்சரிக்கை எல்லோருக்கும் பொதுவானது. அதைக் கேட்டு நடப்பதற்கான வசதிதான் எல்லோருக்கும் பொதுவாக இல்லை.

அதன் பிறகு வானிலை அறிக்கையை நான் கவனமாகக் கேட்கிறேன். அதில் வரும் மில்லிமீற்றர் கணக்கு நமக்கு வெறும் எண்ணாகத் தோன்றலாம். ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு லீற்றர் தண்ணீர். 75 மில்லிமீற்றர் என்றால் ஒரு பாய் விரிக்கும் இடத்தில் நூறு லீற்றருக்கும் அதிகம். 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் மண்சரிவு அபாயமுள்ள இடங்களில் விழிப்பாக இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150ஐத் தாண்டினாலோ, ஒரு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினாலோ உடனே பாதுகாப்பான இடத்துக்குச் சென்றுவிட வேண்டும். சுவரிலோ நிலத்திலோ புதிய வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரங்கள், திடீரென்று கலங்கி வரும் ஊற்று ஆகியவை மலை நமக்குத் தரும் அறிவிப்புகள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தை வீட்டுச் சுவரில் எழுதி வைப்பது நல்லது.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மலைநாட்டு மண்சரிவுகளே பல குடும்பங்களைக் காவுகொண்டன. அந்தச் செய்திகளைப் பார்த்தபோது, ‘ரெண்டு மணிக்குப் பொறகு கொட்டும்’ என்று சிரித்துக்கொண்டே சொன்ன அக்காவின் முகம்தான் முதலில் நினைவுக்கு வந்தது. தோழியிடம் பேசி, அவர் நலமாக இருக்கிறார் என்று அறிந்த பிறகுதான் மனம் ஆறியது.

வானிலையை நாம் மாற்ற முடியாது. வேலை நேரத்தை மாற்றலாம். இடிமழை எதிர்பார்க்கப்படும் நாட்களில் வேலையை முன்னதாகத் தொடங்கலாம். இடி கேட்டதும் மலையை விட்டு இறங்குவோரின் பேரைக் குறைக்காமல் இருக்கலாம். மலையடிவாரத்தில் ஒதுங்கி நிற்க உறுதியான கட்டடம் ஒன்று அமைக்கலாம். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழியும்வரை யாரையும் மலைக்கு அனுப்பாதிருக்கலாம்.

சகோதரிகளே, அடுத்த வசந்த காலத்திலும் நம்மில் பலர் நுவரெலியாவுக்குப் போவோம். பூக்களைப் பார்ப்போம், குளிரில் தேநீர் குடிப்போம். பிற்பகலில் இடி முழங்கி நாம் கூரை தேடி ஓடும்போது, அந்தத் தேயிலையைப் பறித்தவரும் இறங்கிவிட்டாரா என்று ஒருமுறை மலையைத் திரும்பிப் பார்ப்போம்.