மூடுபனியில் ஒரு கோல்

பந்தாட்டத்தில் வென்றவன் தன் வெற்றியை எழுத விரும்புவது இயல்பு. நான் எழுதப்போவதும் ஒரு வெற்றியைப் பற்றித்தான். ஆயினும் அதை எழுதத் துணிய எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின.

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டம் எங்கள் பகுதி. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது அது கேரளத்தில் சேர்ந்தது. எனினும் கொழிஞ்சாம்பாறையைச் சுற்றியுள்ள ஊர்களில் தமிழை வீட்டுமொழியாகக் கொண்டோர் இன்றும் பலர். அறுப்பு முடிந்தால் எங்கள் வயல்களே ஆடுகளங்கள். பதினொருவர் ஆடும் ஆட்டத்துக்கு எங்களிடம் இடமும் இல்லை, ஆளும் இல்லை. ஆகவே எழுவர் ஆடும் 'செவன்ஸ்' ஆட்டமே எங்களுக்கு வாய்த்தது. மலப்புறத்தில் இவ்வாட்டத்தைக் காண ஆயிரக்கணக்கில் மக்கள் கூடுவர். எங்கள் குழுவோ, சட்டை வாங்கவும் வீடு வீடாக வசூலிக்கும் சிறு குழு.

மூணாற்றை அடுத்த தேயிலைத் தோட்டம் ஒன்றின் இளைஞர்கள் ஒருமுறை எங்களை ஆட அழைத்தனர். மாற்று ஆட்டக்காரர் இருவரோடு ஒன்பது பேர் வாடகை வேனில் புறப்பட்டோம். இப்பயணத்தில் ஒரு வேடிக்கை உண்டு. கேரளத்தில் வண்டி ஏறி, பொள்ளாச்சி, உடுமலை வழியாகத் தமிழ்நாட்டைக் கடந்து, சின்னாறு சோதனைச் சாவடியில் மீண்டும் கேரளத்துக்குள் நுழைய வேண்டும்! அங்கே வறண்ட முட்காடு. மறையூரில் கரும்பும் சந்தன மரமும். அதற்கு மேல் மலை முழுதும் தேயிலை.

மூணாற்றுக்குப் பந்தாட்டம் புதிதன்று. 1940-களில் தொடங்கிய ஃபின்லே கேடயப் போட்டி அங்கே புகழ் பெற்றது. பூட்ஸ் அணிந்த வெள்ளைக்காரத் துரைமாரும் வெறுங்காலுடன் தமிழ்த் தொழிலாளரும் சேர்ந்து ஆடிய களம் அது. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரச் சீமைகளிலிருந்து கொழுந்து பறிக்கச் சென்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் பழைய மூணாறு மைதானத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் மோதுகின்றனர். இத்தகையோரை எதிர்த்துத்தான் நாங்கள் போய் நின்றோம்.

களம், மலையை வெட்டிச் சமன் செய்த ஒரு திட்டு. ஒரு பக்கம் மண்சுவர், மறுபக்கம் தேயிலைச் சரிவு. பந்து சரிவில் உருண்டால் அதை எடுத்துவரச் சிறுவர்கள் காத்திருந்தனர். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி எங்கள் சமவெளியைவிடக் குறைவு. பத்து நிமிடத்தில் எங்களுக்கு மூச்சு வாங்கியது. அன்று காலை வேலைக்குப் போய்த் திரும்பிய அவர்களோ மான்களைப் போல் ஓடினர்.

இரண்டாம் பாதியில் மூடுபனி இறங்கியது. ஆளுக்கு ஒரு கோல் என்று ஆட்டம் சமநிலையில் நின்றது. கடைசி நிமிடங்களில் வலப்புறமிருந்து ஒரு பந்து உயர்ந்து வந்தது. தலையால் முட்ட எழும்பினேன், தலைக்கு எட்டவில்லை. கை நீண்டது. பந்து வலைக்குள் விழுந்தது. நடுவர் ஊதலை ஊதிக் கோல் என்றார். பனியில் அவர் கண்டிருக்க இயலாது. எதிரணிக் கோல்கீப்பர் மட்டும் என்னை ஒரு கணம் பார்த்தான். வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அவர்கள் தங்கள் கூலியிலிருந்து பணம் சேர்த்து வாங்கிய கோப்பை எங்கள் கைக்கு வந்தது.

இரவு அந்தக் கோல்கீப்பர் வீட்டில் எனக்கும் மூவருக்கும் சாப்பாடு. லயத்தில் ஓர் அறையும் ஓர் அடுக்களையும் கொண்ட வீடு. அதுவும் தோட்டத்தில் வேலை உள்ளவரை மட்டுமே அவர்களுடையது. அவன் தாயார் சுடுசோறும் கருவாட்டுக் குழம்பும் பரிமாறினார்.

"கேரளாவுல இருந்து வர்ற புள்ளைங்கன்னு சொன்னாங்க. நல்லாத் தமிழ் பேசுறீங்களே, தம்பி!" என்றார்.

"நீங்களும் கேரளாவுலதானம்மா இருக்கீங்க?" என்றான் என் நண்பன்.

அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு எங்களுக்கு அறையை விட்டுக்கொடுத்து, இருந்த கம்பளிகளையும் தந்து, மகனோடு அடுத்த வீட்டில் படுக்கப் போனார். அந்தக் கம்பளிக்குள் எனக்கு உறக்கம் வரவில்லை. எழுந்து போய்க் கதவைத் தட்டி உண்மையைச் சொல்லலாம் என்று பலமுறை எண்ணினேன். எண்ணியதோடு சரி.

காலையில் வேன் புறப்படும்போது அந்தக் கோல்கீப்பர் என் சன்னலருகே வந்தான்.

"அடுத்த தடவை வெயில் காலத்துல வாங்கண்ணே. பந்து நல்லாத் தெரியும்" என்றான்.

கேலி அவன் குரலில் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

சென்ற மாதம் ஊருக்குப் போனபோது குழுவினரைக் கூட்டி நடந்ததைச் சொன்னேன். இருவர் சினந்தனர். "பழைய கதையை ஏண்டா கிளறுறே?" என்றான் ஒருவன். எங்கள் தலைவர் மட்டும், "எனக்கு அன்னைக்கே தெரியும். நீயாச் சொல்வேன்னு இருந்தேன்" என்றார். அவருடைய மௌனமும் என்னுடையதும் ஒரே எடைதானே என்று அவரைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரே தலை குனிந்துகொண்டார்.

நெடுநேரம் பேசியபின் முடிவாயிற்று. வரும் கோடை விடுமுறையில் கோப்பையை எடுத்துக்கொண்டு மீண்டும் மலையேறுகிறோம். அவர்கள் இசைந்தால் அந்த ஆட்டத்தை மறுபடி ஆடுவோம். ஒருவேளை தோற்போம், அந்த உயரத்தில் அதுவே நடக்கக்கூடியது. ஆனால் ஆட்டம் தொடங்குமுன் கோல்கீப்பரிடம் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அதை இங்கே எழுதிவிட்டேன். இனி அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.