ஆளுக்கு ஐந்து பல்

ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5. அதற்கு மேல் எடுக்கக் கூடாது. கைக்கரண்டியின் அலகு 6 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. சல்லடை 18-க்கு 18 அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. கரையைத் தோண்டவே கூடாது. எடுத்ததை விற்கவும் கூடாது. அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்துக் கோல்ட்ஸ் நெக் என்ற ஊர், தன் எல்லையில் ஓடும் பிக் புரூக் ஓடைக்காகப் போட்டிருக்கும் விதிகள் இவை. எடுப்பது மீனும் அல்ல, மணலும் அல்ல. சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் செத்துப்போன சுறாக்களின் பற்கள்.

மகள் வீட்டுக்கு வந்து தங்கியிருக்கும் திருச்சிக்காரனுக்கு எடிசன் நகரத்தில் என்ன பெரிய வேலை இருந்துவிடப் போகிறது? காலையில் நடை, பகலில் டி.வி., மாலையில் பேரனைப் பள்ளிப் பேருந்திலிருந்து இறக்கி அழைத்து வருவது. பேரனுக்குச் சுறா என்றால் உயிர். மாப்பிள்ளைதான் ஆரம்பித்தார்: “மாமா, முக்கால் மணி நேரத்துல ஒரு ஓடை இருக்கு. சனிக்கிழமை போயிட்டு வரலாம். உங்களுக்கும் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் வாங்கிடறேன்.” மகளோ பேன்ட்டின் கால் நுனியைச் சாக்ஸுக்குள் செருகிக்கொண்டுதான் போக வேண்டும் என்று கண்டித்துச் சொல்லிவிட்டாள். அங்கே மான் உண்ணி கடித்தால் லைம் என்ற நோய் வரும். மூன்று மூன்று இலையாக இருக்கும் கொடியைத் தொட்டால் உடம்பெல்லாம் தடிக்கும். ஓடைக்குள் இருக்கும் சுறாவைவிட ஓடைக்குப் போகும் பாதைதான் ஆபத்து.

கோல்ட்ஸ் நெக் குதிரைப் பண்ணைகளின் ஊர். வெள்ளை வேலி, பச்சைப் புல், நடுவில் பளபளக்கும் குதிரைகள். ஹில்ஸ்டேல் ரோட்டில் வண்டியை விட்டுவிட்டு மரங்களுக்கிடையில் இறங்கினால் ஓடை. தண்ணீர் கணுக்காலில் தொடங்கிச் சில இடங்களில் முழங்காலுக்கு வருகிறது. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் கரை. மேலே செம்மண், துரு நிறத்தில் வரி வரியாக. கீழே தண்ணீரை ஒட்டிக் கரும்பச்சை கலந்த சாம்பல் மண். கதையெல்லாம் அந்தக் கீழ் மண்ணில்தான்.

அந்த மண்ணை இவர்கள் மார்ல் என்கிறார்கள். கடலடியில் படிந்த மண். பச்சைக்குக் காரணம் கிளாக்கோனைட் என்ற கனிமம். அதில் பொட்டாஷ் சத்து உண்டு. 19-ஆம் நூற்றாண்டு விவசாயிகள் இதைக் குழி குழியாக வெட்டி எடுத்து வயலுக்கு எருவாகப் போட்டார்கள். பக்கத்து ஊரான மார்ல்பரோவுக்குப் பெயர் வந்ததே இதனால்தான். எருவுக்கு வெட்டிய குழிகளில் எலும்பும் வந்தது. இதே மாநிலத்தின் ஹேடன்ஃபீல்டில், ஒரு பண்ணையின் மார்ல் குழியில் பெரிய எலும்புகள் கிடைத்ததைக் கேள்விப்பட்ட வில்லியம் பார்க்கர் ஃபோக் 1858-இல் அங்கே ஆட்களை வைத்துத் தோண்டினார். கிடைத்ததை ஜோசஃப் லெய்டி ஆராய்ந்து ஹாட்ரோசாரஸ் என்று பெயர் வைத்தார். 1868-இல் ஃபிலடெல்பியாவில் அதன் எலும்புக்கூட்டை நிமிர்த்தி நிறுத்தியபோது உலகம் முதன்முறையாக ஒரு டைனோசரின் எலும்புக்கூட்டை நின்ற கோலத்தில் பார்த்தது. பூமியின் பழங்கதையில் இத்தனை பெரிய பக்கம் எருக்குழியிலிருந்து வந்திருக்கிறது. ஃபோக் தொழிலால் வழக்கறிஞர், இந்தத் துறையில் அமெச்சூர் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

பிக் புரூக்கில் குழி வெட்ட வேண்டியதில்லை, ஓடையே வெட்டுகிறது. ஒவ்வொரு பெருமழைக்கும் கரையின் அடிமண் கரைந்து விழும். களிமண்ணைத் தண்ணீர் கொண்டுபோய்விடும். பல், எலும்பு, சிப்பி போன்ற கனமானவை சரளையோடு தங்கிவிடும். ஆகவே இங்கே வருகிறவர்கள் வானிலை பார்த்து வருகிறார்கள். நல்ல மழை பெய்து, வெள்ளம் வடிந்து, தண்ணீர் தெளிந்த மறுநாள்தான் இவர்களுக்குத் திருநாள்.

நாங்கள் போன அன்று ஓடை நெடுக ஆட்கள். ஒரு தெலுங்குக் குடும்பம் டப்பாவில் புளிஹோராவோடு வந்திருந்தது. கல்லூரிப் பிள்ளைகள் நாலைந்து பேர் பாட்டுப் போட்டுக்கொண்டு அரித்தார்கள். அவர்களைத் தாண்டி ஒரு வளைவில், தலைகீழாகக் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவரிடம்தான் நாங்கள் தொழில் கற்றுக்கொண்டோம். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவராம். பேரன் சல்லடையைப் பிடித்த விதத்தைப் பார்த்துவிட்டு அவரே கூப்பிட்டார்.

அவர் சொன்ன முதல் பாடம் எங்கே அள்ளுவது என்பது. நேராக ஓடும் இடத்தில் ஒன்றும் இருக்காது. வளைவின் உட்பக்கம் வேகம் குறைகிறது அல்லவா, அங்கே சரளை மேடு தட்டும். பெரிய கல், விழுந்த மரம், இவற்றின் முதுகுப்புறத்தில் தண்ணீர் சுழன்று அடங்கும் இடமும் நல்லது. மேல் மணலை ஒதுக்கிவிட்டுக் கோலிக்குண்டு அளவுக் கற்கள் நெருக்கமாகக் கிடக்கும் அடுக்கு வரும்வரை போக வேண்டும். கரண்டி அங்கே ‘கரகர’ என்று பேசும். மணலில் பேசாது.

இரண்டாம் பாடம் சல்லடை. கால் அங்குலக் கண் உள்ள கம்பி வலை, நாலு பக்கமும் மரச்சட்டம். நிறைய அள்ளிப் போட்டால் பார்க்க முடியாது. ஒரு கை, ஒன்றரைக் கை சரளை போதும். சல்லடையைத் தண்ணீரில் பாதி அமிழ்த்தி முன்னும் பின்னும் ஆட்டிக் களிமண்ணைக் கரைத்து, வெளியே தூக்கிச் சாய்த்து, வெயில் படும்படி பிடித்துப் பார்க்க வேண்டும். திருச்சி பெரிய கடைவீதியில் நகைப் பட்டறை வாசல் மண்ணைக் கூட்டி அள்ளி, சாக்கடை ஓரம் குந்தி அரித்துப் பொன் துகள் எடுக்கிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. அதே குந்தல், அதே பொறுமை, மற்றவர் கண்ணுக்கு வெறும் குப்பையாகத் தெரிவதில் அதே நம்பிக்கை. ஒரே வித்தியாசம், அது வயிற்றுக்கு.

மூன்றாவது, கண். “பல்லைத் தேடாதே. ஒழுங்கைத் தேடு” என்றார் பெரியவர் பேரனிடம். கல் உடைந்தால் எப்படி வேண்டுமானாலும் உடையும். உயிருள்ளது வளர்ந்தால் இரண்டு பக்கமும் ஒத்து வளரும். சரளைக்கு நடுவே ஏதோ ஒன்று ஒத்த ஓரங்களோடு, மெருகோடு கண்ணில் படும். அதை எடுத்துப் பார்.

பேரனின் சல்லடையில் கொஞ்ச நேரத்திலேயே அப்படி ஒன்று வந்தது. என் சுண்டுவிரல் நகத்தைவிட நீளம், ஊசியாக ஒடுங்கிய முனை, கரும்பழுப்பு நிறம், அடியில் இரண்டாகக் கவைத்த வேர். உள்முகத்தில் நகத்தால் தடவினால் தட்டுப்படும் மெல்லிய வரிகள் மேலிருந்து கீழாக. பெரியவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், “வரி இருக்கா? அப்ப ஸ்கேபனோரிங்கஸ்” என்றார். இன்றைக்கும் ஜப்பானை ஒட்டிய கடல் போன்ற இடங்களின் ஆழத்தில் திரியும் கோப்ளின் சுறாவின் பழைய சொந்தம். இன்னொரு வகை கிடைத்தது, குட்டையாக, ஒரு பக்கம் சாய்ந்து, ஓரமெல்லாம் ரம்பம். அது ஸ்குவாலிகோராக்ஸ், செத்த உடம்பையும் விட்டுவைக்காத சுறா. அந்த ரம்பம் இத்தனை கோடி ஆண்டுக்குப் பிறகும் பெருவிரலில் சுருக்கென்றது.

சுறாவின் எலும்புக்கூடு குருத்தெலும்பு. செத்தால் கரைந்துவிடும். ஆனால் வாழும் நாளெல்லாம் பல் விழுந்து முளைத்துக்கொண்டே இருக்கும். ஒரே சுறா ஆயிரக்கணக்கில் உதிர்த்துவிட்டுப் போகும். இங்கே பல் மட்டும் இவ்வளவு கிடைப்பதன் கணக்கு அதுதான். ஐரோப்பாவில் வெகுகாலம் இப்படிப்பட்ட பற்களைக் கல்லாகிப்போன பாம்பு நாக்கு என்று நம்பி, விஷமுறிவுக்கு வைத்திருந்தார்கள். லிவோர்னோ அருகே பிடிபட்ட ஒரு பெரிய சுறாவின் தலை 1666-இல் ஃபிளாரன்ஸுக்கு வந்தது. அதை அறுத்துப் பார்த்த நிக்கோலஸ் ஸ்டீனோ, மறு ஆண்டே அந்தக் ‘கல் நாக்கு’ சுறாப்பல்தான் என்று எழுதினார். பாறைக்குள் கடல் எப்படி வந்தது என்ற கேள்வியின் பின்னே அவர் போனது வேறு பெரிய கதை.

பல்லோடு வேறு பல சாமான்களும் வருகின்றன. தேன் நிறத்தில், துப்பாக்கித் தோட்டா வடிவத்தில் உடைந்த துண்டுகள். அவை பெலெம்னைட், கணவாய் இனத்துப் பிராணியின் உள்கூடு. பிள்ளைகள் இதை மதிப்பதில்லை, தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். எனக்கென்னவோ பல்லைவிட இதுதான் பெரிதாகப் பட்டது. காரணம், தென் கரோலினாவின் பீ டீ பாறையடுக்கில் கிடைத்த இதே பெலெம்னிடெல்லா இனத்தை வைத்துத்தான் ஹெரால்டு யூரியின் சிகாகோ குழு பழங்காலக் கடலின் வெப்பத்தை அளந்தது. கார்பன் ஐசோடோப்பு அளவைகளுக்கே அது உலகப் படிக்கல் ஆயிற்று. இவை தவிர எங்கோடஸ் என்ற மீனின் கோரைப்பல், பழைய இறாலின் கொடுக்கு, தடித்த சிப்பி. உடும்புக்குத் தூரத்துச் சொந்தமான மோசசார் என்ற கடற்பல்லியின் பல் கிடைத்தால் அன்றைக்கு ஓடையே கூடிவிடுமாம். எங்களுக்குக் கிடைக்கவில்லை.

பெரியவரின் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தூண்டில் முள் வைக்கும் பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே சின்னச் சின்ன அறைகள். ஒவ்வோர் அறையிலும் பல்லோடு ஒரு துண்டுச் சீட்டு: தேதி, பாலத்திலிருந்து மேலேயா கீழேயா, எந்த வளைவு, மழைக்குப் பின் எத்தனையாவது நாள். பென்சிலில்தான் எழுதுவார், பேனா மை ஈரத்தில் கரையும். தனக்குத் தெரியாத எலும்பு கிடைத்தால் படம் எடுத்துக்கொண்டு ட்ரென்டனில் உள்ள மாநில அருங்காட்சியகத்தில் கேட்பாராம். இந்த வட்டாரத்து அமெச்சூர்களுக்கென்றே மான்மவுத் அமெச்சூர் பேலியன்டாலஜிஸ்ட்ஸ் சொசைட்டி என்ற சங்கம் இருக்கிறது. ஓடையில் உருண்டு வந்த பல் எந்த அடுக்கிலிருந்து விழுந்தது என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அறிவியலுக்கு அதன் மதிப்பு அந்த அளவுக்குக் குறைவுதான். அதனாலேயே பொதுமக்கள் எடுத்துப் போக விடுகிறார்கள். விட்டுவிட்டால் அது தேய்ந்து, ஸ்விம்மிங் ரிவர் நீர்த்தேக்கத்தின் சேற்றில் போய்ப் புதையும். கரைக்குள் இருப்பது வேறு. அது இன்னும் தன் அடுக்கிலேயே இருக்கிறது, கரையும் மரமும் அதன் மேல் நிற்கின்றன. அதைத் தொடாதே என்பதுதான் விதியின் உயிர். மற்றவை அதற்குக் காவல்.

சாயங்காலம் கிளம்பும் நேரம் 5 என்ற எண் தன் வேலையைக் காட்டியது. பேரன் டிபன் டப்பா மூடியில் தன் சேகரிப்பைப் பரப்பினான். இருபதுக்கு மேல் இருக்கும். எண்ணிப் பார்க்க அதிகாரி யாரும் வரவில்லை. “தாத்தா, உடைஞ்சது கணக்குல வருமா?” என்றான். பெரியவர் வரும் என்றார். பையன் அரை மணி நேரம் போராடினான். நீளமானதையா, வேர் முழுசாக உள்ளதையா? ஒரே வகையில் இரண்டா, வகைக்கு ஒன்றா? காலையில் எல்லாம் ‘பல்’ என்று இருந்தவனுக்கு, இப்போது ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரிந்தது. அந்த அரை மணி நேரத்தில் அவன் கற்றதை ஓர் அருங்காட்சியகம் முழுநாளில் கற்றுக்கொடுக்காது என்பேன். மீதியை வளைவிலேயே தண்ணீரில் விட்டான்.

எனக்கு அங்கே நின்றபோதெல்லாம் அரியலூர்தான் நினைவில் ஓடியது. அரியலூர்க் கள்ளங்குறிச்சி சுண்ணாம்புக் கல், பிக் புரூக் மண்ணைப் போலவே, கிரெட்டேசியஸ் என்ற காலத்தின் கடைசிக் கட்டக் கடலில் படிந்தது. அதில் கும்பல் கும்பலாகக் கிடக்கும் பிக்னோடான்டி சிப்பியின் இனத்தார் நியூ ஜெர்சி மார்லிலும் உண்டு. பெரம்பலூர் மாவட்டம் காரைப் பகுதியின் மண் இன்னும் பழையது. பெலெம்னைட் அங்கே தரையில் சிதறிக் கிடக்கும், ஸ்குவாலிகோராக்ஸ் பல்லையும் ஆய்வாளர்கள் அங்கிருந்து விவரித்திருக்கிறார்கள். நம் ஊர்ப் புதைபடிவங்களை 1840-களில் முதலில் திரட்டி லண்டனுக்கு அனுப்பிய கே, கன்லிஃப் இருவரும் தொழில்முறை ஆய்வாளர்கள் அல்லர், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள். அவற்றை எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846-இல் விவரித்தார். பிறகுதான் பிளான்ஃபோர்டும் ஸ்டோலிச்காவும் வந்து பெரிய தொகுதிகள் எழுதினார்கள். நமக்கும் தொடக்கம் அமெச்சூர்தான்.

இன்றைக்குத் திருச்சியில் எனக்குத் தெரிந்த சில வீடுகளிலேயே ஷோகேஸில் அம்மோனைட் என்ற புதைபடிவம் இருக்கிறது. எங்கே எடுத்தது என்று கேட்டால், “அரியலூர்ப் பக்கம்” என்பார்கள். இடம் தெரியாத கல் வெறும் அலங்காரக் கல்.

ஆகவே காரைப் பக்கமோ கருடமங்கலம் பக்கமோ போகிற அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கரையைக் கொத்தாதீர்கள், கண்டதைக் கண்ட இடத்திலேயே அளவுக்கு ஒரு நாணயம் வைத்துப் படம் எடுங்கள், ஓடையின் பெயரையும் தேதியையும் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே வீட்டில் கல் வைத்திருப்பவர்கள், எடுத்த இடம் நினைவிருக்கும்போதே ஒரு சீட்டில் எழுதி அதோடு சேர்த்து வையுங்கள். இனம் தெரியாதது எதுவானாலும் அரியலூர் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கே கொண்டுபோய்க் காட்டுங்கள்.