செருப்புக்குக் காவல்

வருகிற ஜூன் மாதத்தின் இரண்டாவது வாரத்தில் பிடதிக்குப் போவதென்று முடிவு செய்திருக்கிறோம். பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் சாலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் ஊர் அது. 2005-ஆம் ஆண்டிலிருந்து அங்கே வொண்டர்லா என்னும் கேளிக்கைப் பூங்கா இயங்கி வருகிறது. 2012-இல் அதன் வளாகத்திலேயே தங்கும் விடுதியும் வந்துவிட்டது. இரண்டு இரவுகள் தங்குவதாகத் திட்டம். போகிறவர்கள் நாங்கள் இருவர் மட்டுமே.

இதில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கலாம். ஊருலகமெல்லாம் போய் வருகிற இடந்தான். ஆனால் திருமணமாகி இருபது ஆண்டுகளுக்கு மேலான நிலையில், பிள்ளைகள் யாரையும் கையில் பிடிக்காமல் நாங்கள் இத்தகைய இடத்துக்குப் புறப்படுவது இதுவே முதல் முறை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ('நாங்கள்' என்று எழுதுவது பெருமைக்காக அன்று. எழுதும் கை ஒன்று, அடித்துத் திருத்தும் கை மற்றொன்று. எங்களுள் ஒருவர் கல்லூரியில் தமிழ் நடத்துகிறவர். மற்றவர் இராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் கணக்கெழுதுகிறவர். வீடு திருவில்லிபுத்தூரில்.)

பூங்கா எங்களுக்குப் புதிதன்று. மதுரைக்கு அருகே பரவையில் உள்ள அதிசயம் பூங்காவுக்குப் பல கோடை விடுமுறைகளில் போயிருக்கிறோம். இருவர் பக்கத்து உடன்பிறந்தோர் மக்கள் ஆறு பேர். தேர்வு முடிந்ததும் "சித்தி, இந்த வருசம் உண்டுல்ல?" என்று தொலைபேசி வந்துவிடும். வேன் பிடித்து, புளியோதரை கட்டி, ஆறு பேரையும் எண்ணி ஏற்றி, எண்ணி இறக்கி, மாலையில் மறுபடி எண்ணிக் கொண்டுவந்து சேர்ப்போம். அங்கே எங்களுக்கென்று ஓர் இடம் இருந்தது. மரத்தடியில் ஒரு சிமெண்டுப் பலகை. அதில் அமர்ந்து ஆறு சோடிச் செருப்புகளுக்கும், ஆறு துண்டுகளுக்கும், கழற்றிக் கொடுத்த கைக்கடிகாரங்களுக்கும் காவல் இருப்பது எங்கள் பணி.

ஏன் ஏறவில்லை என்று பிள்ளைகள் முதலில் கேட்டார்கள். பிறகு கேட்பதை விட்டுவிட்டார்கள். பயம் என்று நினைத்திருப்பார்கள். காரணம் வேறு. ஒவ்வொரு ராட்டினத்தின் முன்பும் ஓர் எச்சரிக்கைப் பலகை இருக்கும். கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், இரத்த அழுத்தம் உள்ளவர்கள், முதுகுவலிக்காரர்கள் ஏற வேண்டாம் என்று. அதன் முதல் சொல்லைத் தாண்டி எங்களால் போக முடிந்ததில்லை. 2005-இலிருந்து 2016 வரை சிகிச்சையில் இருந்தோம். அந்தப் பதினோராண்டுகளில் எந்த மாதத்தைப் பற்றியும் உறுதியாக 'இல்லை' என்று சொல்ல மனம் துணியவில்லை. ஒருவேளை இந்த மாதமாக இருந்தால்? அந்த 'ஒருவேளை'க்காகத்தான் அமர்ந்திருந்தோம். ஒருவர் ஏறாதபோது மற்றவர் ஏறுவது முறையாகப் படவில்லை. ஆகவே இருவரும் அமர்ந்திருந்தோம். 2016-க்குப் பிறகு 'ஒருவேளை' போய்விட்டது. ஆனாலும் பலகையிலிருந்து எழ மறந்துவிட்டோம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆறு பேரில் கடைசிப் பெண் இப்போது கோவையில் கல்லூரியில் படிக்கிறாள். கோடை விடுமுறையில் தொலைபேசி வருவதில்லை.

திருவில்லிபுத்தூரில் பிள்ளையில்லாமல் வாழ்வது தனியானதோர் அனுபவம். துளசி வனத்தில் குழந்தையைக் கண்டெடுத்தவர் வாழ்ந்த ஊர் இது. ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் பெரியாழ்வாரைச் சொல்லாமல் போவதில்லை. ஆடிப்பூரத்துக்குத் தேர் பார்க்க வருகிற உறவினர் ஒவ்வொருவரும் எங்கள் திண்ணையில் அமர்ந்து அந்தக் கதையை எங்களுக்கே சொல்லியிருக்கிறார்கள். தத்தெடுப்பதைப் பற்றியும் ஒரு காலத்தில் பேசினோம். அது வேறொரு கட்டுரை.

தொல்காப்பியக் கற்பியலின் இறுதிப் பகுதியில் ஒரு நூற்பா உண்டு. ஆற்றிலும் குளத்திலும் சோலையிலும் ஆடி, தம் ஊர் எல்லையைக் கடந்து சென்று இன்பம் நுகர்தலும் உரியது என்பது அதன் கருத்து. இல்லறம் பேசும் இயலில் ஊரைவிட்டு வெளியே போய் விளையாடுவதற்கு இடம் வைத்த இலக்கணம் நம்முடையது. அதற்கு அடுத்து வருகிற நூற்பாவோ, காமம் நிறைவெய்திய பிற்காலத்தில் மக்களோடும் சுற்றத்தோடும் கூடி, தலைவனும் தலைவியும் சிறந்ததைப் பயிலுதல் பற்றிச் சொல்கிறது. ஆண்டுதோறும் இவ்விரண்டையும் வகுப்பில் நடத்த வேண்டியிருக்கிறது. முதலாவதை விரித்து நடத்திவிட்டு, இரண்டாவது வரும்போது மணியடிக்கக் காத்திருப்பது எங்களுள் தமிழ் நடத்துபவரின் பழக்கம். சென்ற ஆண்டு அப்படிக் காத்திருந்தபோது, முதல் நூற்பாவை மறுபடி படித்தார். அதில் மக்கள் என்ற சொல்லே இல்லை. அன்று மாலை வீட்டில் சொன்னோம், கேட்டோம். இந்தப் பயணப் பேச்சு அங்கேதான் தொடங்கியது.

எங்கே போவது என்பதில் ஒரு மாதம் கழிந்தது. சென்னையை அடுத்து 2024 டிசம்பரில் புதிய வொண்டர்லா திறக்கப்பட்டது. ஆனால் சென்னையில் எங்களுக்கு நான்கு உறவினர் வீடுகள். ஒருவர் வீட்டில் தங்கினால் மூவருக்கு வருத்தம். விடுதியில் தங்கினால் நால்வருக்கும் வருத்தம். கொச்சியில் 2000-ஆம் ஆண்டு வீகாலாந்து என்ற பெயரில் தொடங்கப்பட்ட பூங்காவும் இப்போது வொண்டர்லாதான். மதுரையிலிருந்து குருவாயூர் செல்லும் வண்டி எங்கள் ஊரிலேயே நின்று, செங்கோட்டை புனலூர் மலைப்பாதை வழியாகப் போகிறது. 1904-இல் போடப்பட்ட அந்த மலைப்பாதை அகலப்பாதையாகி 2018-இல் மறுபடி திறக்கப்பட்டபோதிருந்தே, பதின்மூன்று கண் பாலத்தைப் பார்க்க வேண்டும் என்பது கணக்கெழுதுபவரின் ஆசை. ஆனாலும் பிடதியே வென்றது. அங்கே அறையிலிருந்து நடந்தே பூங்காவுக்குப் போகலாம், களைத்தால் நடந்தே திரும்பலாம். நனைந்த உடையோடு ஆட்டோவுக்குப் பேரம் பேசும் வயதை நாங்கள் கடந்துவிட்டோம்.

வீட்டில் சொன்னபோது அத்தை ஒரே கேள்வியில் முடித்துவிட்டார்கள். "தண்ணியில நனையறதுக்கா அம்புட்டுத் தூரம்? குத்தாலம் என்ன வத்தியா போச்சு?"

நியாயமான கேள்விதான். ஜூன் மாதத்தில் குற்றாலச் சாரல் தொடங்கிவிடும். அவ்வளவு தூரங்கூட வேண்டாம். இராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் அருவி இருக்கிறது. ஆனால் குற்றாலத்துப் பேரருவியில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். எத்தனையோ முறை போய், தனித்தனியே நனைந்து, தனித்தனியே தலை துவட்டி, கடைத்தெருவில் ஒருவரையொருவர் தேடிப் பிடித்திருக்கிறோம். அலைக்குளத்தில் அந்தப் பிரிவினை இல்லை.

பரிபாடலில் இன்று முழுமையாகக் கிடைக்கும் 22 பாடல்களுள் 8 வையையைப் பாடுபவை. புதுவெள்ளம் வந்த செய்தி கேட்டு மதுரையே கிளம்பிப் போகிற அவசரம், யானையிலும் குதிரையிலும் ஏறி முந்தும் கூட்டம், ஆணும் பெண்ணும் சேர்ந்தாடும் ஆட்டம், நடுவே ஊடல் எல்லாம் அவற்றில் உண்டு. செந்நிற நீரை நிரப்பி ஒருவர் மேல் ஒருவர் பீய்ச்சிய கருவிக்கு நீரெக்கி என்று பெயர். கோடையில் பெட்டிக்கடையில் தொங்குகிற நெகிழித் துப்பாக்கியின் முப்பாட்டன். அந்த வையை எங்கள் மலைக்கு மறுபுறம் வருசநாட்டில்தான் பிறக்கிறது. (கடலாடப் போன கோவலனும் மாதவியும் பிரிந்து திரும்பிய கதையைக் கணக்கெழுதுபவரிடம் இப்போதைக்குச் சொல்லவில்லை.)

அத்தையிடம் பரிபாடலைச் சொல்ல முடியாது. "அங்க தங்குற எடம் நல்லாருக்காம்" என்று சொன்னோம். அவர்கள் ஒன்றும் சொல்லாமல் வெற்றிலையை எடுத்தார்கள்.

நீர் விளையாட்டுகளுக்கான உடை பற்றிய விதிதான் எங்களை ஒரு வாரம் அலைக்கழித்தது. பருத்தி ஆடையோடு குளத்தில் இறங்கக் கூடாது. நைலான், பாலியெஸ்டர் போன்றவையே ஆகும். பருத்தியிலிருந்து பிரியும் இழைகள் நீரைச் சுத்தம் செய்யும் வடிகட்டிகளை அடைத்துவிடும் என்பது காரணம். நூற்பாலைகளாலும் மருத்துவமனைக் கட்டுத்துணியாலும் பெயர் பெற்ற இராஜபாளையத்தில், முப்பதாண்டுகளாகப் பஞ்சுக் கணக்கு எழுதுகிறவரிடம் போய்ப் பருத்தி ஆகாது என்றால் என்ன செய்வார்? இணையத்தில் அந்த விதியை மூன்று முறை படித்துவிட்டு, "நம்ம சோத்துக்கே தடை போட்டுட்டாங்களே" என்றார்.

வாங்கத்தான் போனோம். இராஜபாளையத்தில் ஒரு துணிக்கடை. முழங்கால் வரை வரும் நீச்சலுடை, கைவைத்த மேற்சட்டை, ஆணுக்கு ஒரு செட்டு, பெண்ணுக்கு ஒரு செட்டு என்று கேட்டோம். கடையில் நின்ற பெண்ணுக்கு இருபது வயது இருக்கலாம். உடனே கேட்டாள்:

"பிள்ளைக்கு எத்தன வயசுக்கா?"

எங்களுள் யார் பதில் சொன்னது என்பது இங்கே வேண்டாம். "பதினஞ்சு" என்று வாயில் வந்துவிட்டது. "எங்க உசரம் இருக்கும்."

"பதினஞ்சு வயசுல அம்புட்டு உசரமா? வீட்டுக்குப் போய் சுத்திப் போடுங்கக்கா" என்று சிரித்தபடி அளவு பார்த்து எடுத்துக் கொடுத்தாள். அடர்நீலத்தில் ஒன்று, கருப்பில் ஒன்று. மகளுக்கா மகனுக்கா என்று அவள் கேட்கவில்லை. இரட்டையர் என்று எடுத்துக்கொண்டாளோ என்னவோ. பணத்தைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தோம். திருவில்லிபுத்தூருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர். பேருந்தில் பேசிக்கொள்ளவில்லை.

அன்றிரவு கணக்கெழுதுபவர் கல்லுப்பும் வற்றல் மிளகாயும் எடுத்துவந்து, மற்றவரைக் கிழக்குப் பார்த்து நிற்கச் சொல்லி, மூன்று முறை சுற்றி அடுப்பில் போட்டார். விளையாட்டாகத்தான் தொடங்கினார். மிளகாய் நெடி ஏறியது. அந்தப் புகையில் இருவர் கண்ணும் கலங்கியதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

மற்ற ஏற்பாடுகள் எளிதாகவே நடந்தன. பள்ளிகள் திறந்துவிடும், கல்லூரி இன்னும் திறந்திராது என்பதால் ஜூன் இரண்டாவது வாரம். தூத்துக்குடியிலிருந்து மைசூர் போகும் வண்டி இரவு தொடங்கும் வேளையில் விருதுநகருக்கு வரும், விடிந்தால் பெங்களூர். முன்பெல்லாம் 120 நாட்களுக்கு முன்பே பதிவு செய்யலாம். 2024 நவம்பரிலிருந்து அது 60 நாளாகிவிட்டது. அறுபதாவது நாள் காலை எட்டு மணிக்குக் கணினி முன் அமர்ந்து கீழ்ப்படுக்கை இரண்டு வாங்கினோம். அறைக்குப் பதியும் பக்கத்தில் பெரியவர் எத்தனை, சிறுவர் எத்தனை என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. பூங்காவில் சிறுவர் என்பதை வயதால் அன்றி உயரத்தால் தீர்மானிக்கிறார்கள் என்று படித்தோம். சிறுவர் கட்டத்தில் ஏற்கெனவே 0 என்றே இருந்தது. நாங்கள் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

இனி மிஞ்சியிருப்பது ரீகாயில் என்னும் தொடர்வண்டி ராட்டினம். ஆட்களைத் தலைகீழாகச் சுழற்றிக்கொண்டு முன்னே போய், போன வழியே பின்னோக்கி மறுபடி தலைகீழாகச் சுழற்றிக் கொண்டுவந்து விடும். அதில் ஏறியே தீருவது என்று எங்களுள் ஒருவர் உறுதியாக இருக்கிறார். மற்றவருக்கு மூன்று ஆண்டுகளாக இரத்த அழுத்த மாத்திரை. எச்சரிக்கைப் பலகையின் முதல் சொல்லை ஒருவழியாகத் தாண்டினால், மூன்றாவது சொல் வந்து கையைப் பிடித்துக்கொண்டது. மருத்துவரைக் கேட்டோம். அலைக்குளத்தில் ஆடலாம், மெதுவாகச் சுற்றுகிறவற்றில் ஏறலாம், தலைகீழ் மட்டும் வேண்டாம் என்றார்.

"நீ ஏறு. நான் கீழ நின்னு பாக்கேன்" என்கிறார் கணக்கெழுதுபவர். ஒருவர் ஏறாதபோது மற்றவர் ஏறுவதில்லை என்ற பழைய வழக்கம் என்னாவது என்று கேட்டதற்கு, அதை யார் போட்டது, நாம்தானே என்றார். இரண்டு வாரமாக இந்த வழக்கு நடக்கிறது. தீர்ப்பாகவில்லை.

பயணச் செலவுப் பட்டியல் அவர் கையெழுத்தில் சமையலறைச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. பால்கோவா, அறை ஊழியர்களுக்காக அரைக்கிலோ. மாத்திரைகள், பத்து நாளுக்கு. பூட்டறை வாடகை, இரண்டு நாளுக்கு. செருப்பையும் கைப்பையையும் வைத்துப் பூட்டிச் சாவியைக் கையில் கட்டிக்கொள்ளலாமாம். நேற்றுப் பார்த்தபோது பூட்டறை வாடகையை அடித்துவிட்டு, பக்கத்தில் 'தேவையில்லை, நான் இருக்கிறேன்' என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே மறுபடி 'பூட்டறை வாடகை, இரண்டு நாளுக்கு' என்று எழுதி வைத்திருக்கிறோம்.