முப்பத்தேழு புள்ளி

காலை ஆறே முக்காலுக்குத் தரமணி பறக்கும் ரயில் நிலையத்தில் இறங்கினேன். டீக்கடையும் ஆண்கள் விடுதிப் பலகையும் மாறி மாறி வரும் தெருக்களில் வழி கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தபோது, அந்த மூன்று மாடிக் குடியிருப்பின் கேட்டுக்கு முன்னால் எட்டு வயதுப் பெண் ஒருத்தி குந்தி உட்கார்ந்து புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். இடுக்குப் புள்ளி, ஏழிலிருந்து நாலு. மாவு சீராக விழவில்லை. சில புள்ளி மிளகு அளவு, சில புள்ளி சுண்டைக்காய் அளவு. அம்மா வாளியோடு பக்கத்தில் நின்றார். திருத்தவில்லை. “எத்தனை புள்ளி ஆச்சு?” என்று மட்டும் கேட்டார்.

“நடுவுல ஏழு. மேல ஆறு, அஞ்சு, நாலு, பதினஞ்சு. கீழயும் அதே பதினஞ்சு. முப்பத்தேழு.”

நான் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். எனக்கு முப்பத்தாறுதான் வந்தது. மறுபடி எண்ணினேன். அவள் சொன்னதுதான் சரி. “தாத்தா தப்பா எண்ணிட்டாங்க” என்றாள். எண்ணிக்கை தப்பியதைவிட அந்தத் ‘தாத்தா’தான் சுருக்கென்றது.

கோலத்தில் கணக்கைத் தேடுவது புது மோஸ்தர் இல்லை. தாம்பரம் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும், ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனும் சேர்ந்து 1974-லேயே கோலத்தின் இலக்கணத்தைக் கணினிக்குப் புரியும்படி எழுதி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். படியேறும்போது இதை அந்த அம்மாவிடம் சொன்னேன். “அப்படியா சார்? நான் காலையில இவளை எழுப்பி வெளிய கூட்டிட்டு வர ஒரு சாக்கு வேணுமேன்னு ஆரம்பிச்சேன்” என்றார்.

தறிக்குழி, கொல்லன் உலை, குயவர் சக்கரம் என்று பார்த்துப் பழகியவன் நான். ஒரு தொழிலைப் பார்க்கப் போனால் முதலில் கருவிகளைக் கேட்பேன். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் இவரிடமும் கேட்டேன். சமையலறைக்கு வெளியே இருந்த மர அலமாரியைக் காட்டினார். ஹார்லிக்ஸ் பாட்டிலில் புளியங்கொட்டை, ஒரு பக்கம் உரைத்து வெள்ளையாக்கியது. பித்தளை ஆழாக்கு, உழக்கு, படி. தாயக்கட்டை. பழைய துணிக்கடைத் தையல் டேப். தூலிகா, தாரா பதிப்பகங்களின் படக்கதைகள், ஓரம் கிழிந்து டேப் ஒட்டியவை. விலை கொடுத்து வாங்கியது புத்தகங்கள் மட்டும்தான். மீதியெல்லாம் மாமியாரின் பரணிலிருந்து வந்தவை.

“டைம்டேபிள் உண்டா?”

“ஒட்டினேன் சார். பதினோரு நாள் சுவத்துல இருந்துச்சு.”

இப்போது மிஞ்சியிருப்பது மூன்றே விஷயம். டிபனுக்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் எழுத்தும் எண்ணும், மதியம் கதை, சாயங்காலம் வெளியே. மற்ற நேரம் வீடு வீடாகவே இருக்கிறது. துணி காய்கிறது, குக்கர் விசில் அடிக்கிறது, கொரியர்காரர் பெல் அடிக்கிறார்.

ஒன்பதரைக்கு எவர்சில்வர் தாம்பாளத்தில் ரவையைப் பரப்பிச் சின்னவனுக்கு முன்னால் வைத்தார். நாலரை வயது. அ, ஆ என்று தொடங்கவில்லை. முதலில் ‘ட’. மேலிருந்து கீழே ஒரு கோடு, அப்படியே பக்கவாட்டில் ஒரு கோடு. அந்த ‘ட’வின் மறுமுனையை மேலே தூக்கினால் ‘ப’. அதிலிருந்து கொஞ்சம் வளைத்தால் ‘ம’. மூன்று எழுத்து வந்ததும் படம், மடம், பட்டம் எல்லாம் எழுதிவிடலாம். அவன் ‘ப’ போட்டான், தாம்பாளத்தை ஒரு உலுக்கு உலுக்கி அழித்தான், மறுபடி போட்டான். எழுதுவதைவிட அழிப்பதில்தான் அவனுக்கு ருசி. தப்பைச் சிவப்பு மையில் சுழிக்க ரவையில் வழி இல்லை.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரல் வைத்து எழுதியவர்களின் பேரப்பிள்ளைகள்தானே நாம். அங்கே நெல்லிலக்கம், பொன்னிலக்கம், எண்சுவடி என்று வாய்பாடுகளை உரக்கச் சொல்லிச் சொல்லி மனத்தில் ஏற்றினார்கள். களத்தில் நெல் அளக்கிறவனுக்கும் கடையில் பொன் நிறுக்கிறவனுக்கும் என்ன கணக்கு வேண்டுமோ அதுதான் பாடம். பிரம்படியும் இருந்தது, அந்தத் திண்ணையைப் பொற்காலமாக்க எனக்கு மனமில்லை, சாதி பார்த்துத்தான் அங்கே ஏற்றினார்கள். ஆனாலும் ஆழாக்கில் அரிசி அளந்து, “எட்டு ஆழாக்கு போட்டாதான் படி நெறையுது” என்று பெரியவள் தானாகக் கண்டுபிடித்து வந்து சொன்னபோது அந்தக் கணக்கின் வாசனை வீட்டுக்குள் வந்தது.

பெரியவளின் தமிழ்ப் பாடத்தில் ஒரு சண்டை. “தண்ணீர்னு ஏம்மா எழுதணும்? நம்ம வீட்ல தண்ணிதானே?” அம்மா உடனே பதில் சொல்லவில்லை. “வேற யார் வீட்ல தண்ணீர்னு சொல்றாங்க, கேட்டு வா” என்றார். அவள் பாட்டியிடம் போனாள், மாடி வீட்டில் போய்க் கேட்டாள், என்னிடம் கேட்டாள். யாரும் சொல்வதில்லை. “டிவி நியூஸ்ல மட்டும் சொல்றாங்க” என்று திரும்பி வந்தாள். பேச்சுக்கு ஒரு தமிழ், எழுத்துக்கு ஒரு தமிழ் என்பதை நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் ஒரு பெயரோடு தெரிந்துகொண்டேன். இவள் முக்கால் மணி நேரத்தில் வாசல் வாசலாகப் போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அந்த முக்கால் மணி நேரத்தில் நோட்டில் ஒரு வரிகூட எழுதவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பதினோரு மணிக்கு மோர். சின்னவன்தான் ஊற்றுவேன் என்றான். சொம்பு அவன் முகத்தைவிடக் கொஞ்சம்தான் சின்னது. இரண்டு கையாலும் தூக்கினான். டம்ளரின் விளிம்பில் சொம்பின் வாய் தட்டியது. மோர் முதலில் டம்ளருக்குள், அடுத்து டபராவில், அப்புறம் தரையில். நான் பார்த்துக்கொண்டிருந்தது மோரை அல்ல, அம்மாவின் வலது கையை. அது எழுந்தது, சொம்புக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது, மெல்ல மடிக்குத் திரும்பியது. அவன் நிறுத்தினான். அரை டம்ளர் இருந்தது. “துணி எங்க இருக்குன்னு தெரியும்ல?” என்றார். அவனே போய் எடுத்து வந்து துடைத்தான், அதாவது மோரைச் சமமாகப் பரப்பினான்.

இந்த வேலையின் நுணுக்கம் அந்த ஒரு சாணில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. மரியா மாண்டிசோரி 1939-ல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தபோது, குழந்தை தானாக ஊற்றவும் துடைக்கவும் மடிக்கவும் பழகுவதைப் பாடமாகவே வைத்தார். போர் மூண்டதால் இத்தாலிக்காரரான அவர் ஊர் திரும்ப முடியாமல் இந்தியாவிலேயே பல வருஷம் தங்க நேர்ந்தது. தரமணியிலிருந்து அந்தச் சபையின் தோட்டம் பக்கம்தான். இந்த அம்மா மாண்டிசோரி பயிற்சி எதுவும் எடுத்தவர் இல்லை. “கை நடுங்கும் சார், போய் வாங்கிடலாமான்னு. ராத்திரி கால் வலியைவிட இந்தக் கை வலிதான் ஜாஸ்தி” என்று சிரித்தார்.

மதியச் சாப்பாட்டுக்கு முன் பாட்டி பல்லாங்குழியைப் பிரித்தார். பதினாலு குழி, குழிக்கு ஐந்து, ஆக எழுபது சோழி. பேத்தி எடுப்பதற்கு முன் கண்ணாலேயே போட்டுப் பார்த்தாள். உதடு மட்டும் அசைந்தது. இந்தக் குழியில் எடுத்தால் எங்கே முடியும், அடுத்தது காலியா, காலியைத் தடவி அதற்கடுத்ததை அள்ளலாமா. நாலு சேர்ந்த குழி ‘பசு’, குழிக்குச் சொந்தக்காரர் எடுத்துக்கொள்ளலாம். பாட்டி பக்கத்தில் ஒரு பசு விழுந்தது, பாட்டி எடுக்கவில்லை. இரண்டு சுற்று கழித்துப் பேத்தி, “பாட்டி, பசுவை விட்டுட்டீங்க!” என்று கத்தினாள். “அடடா, கண்ணு தெரியலடி” என்றார் பாட்டி. அவள் தண்ணீர் குடிக்க எழுந்து போனதும் என் பக்கம் சாய்ந்து, “பாக்குறாளா இல்லையான்னு தெரியணுமே தம்பி” என்றார். கை மடிக்குத் திரும்பும் வித்தை மருமகளுக்கு எங்கிருந்து வந்தது என்று புரிந்தது.

சின்னவன் தூங்கிய நேரத்தில் அம்மா தன் கதையைச் சொன்னார். பக்கத்து ஐடி பூங்கா ஒன்றில் ஒன்பது வருஷம் டெஸ்டிங் வேலை. பெரியவள் எல்கேஜி சேர்ந்தது 2020-ல். பள்ளிக்கூடம் என்றால் செல்போன் திரையில் முப்பது சதுரம் என்றே அவளுக்குத் தெரியும். மைக்கை அணைத்து வைக்கச் சொல்வார்கள், அவள் அணைத்த மைக்கில் பேசிக்கொண்டே இருப்பாள். தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரை வகுப்புகள் திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1. அதற்குள் இவர் மனம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. அடுத்த மாதம் வேலையை விட்டார்.

“ஒருத்தர் சம்பளத்துல வீட்டு லோன் ஓடுது. ராத்திரி பத்து மணிக்கு மேல உக்காந்து நாளைக்கு என்னன்னு யோசிச்சு எடுத்து வெப்பேன். அதெல்லாம் யார் கண்ணுக்கும் தெரியாது. கல்யாணம் காட்சின்னு போனா ‘சும்மாதானே வீட்ல இருக்கே’ம்பாங்க.” அப்பாவின் பங்கு என்ன என்று கேட்டேன். சனி ஞாயிறு, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் பறவை பார்ப்பது. கூழைக்கடா, நாமக்கோழி, தாழைக்கோழி எல்லாம் பிள்ளைகளுக்கு அத்துப்படி. நல்லதுதான். ஆனால் வாரத்தில் ஐந்து நாள் யாருடையது, இரண்டு நாள் யாருடையது என்பதை நான் குறித்துக்கொண்டேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று சுற்றத்தார் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரையான பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காவிட்டால் பெற்றோருக்குத் தண்டனை என்று அதில் இல்லை. வீட்டில் கற்பிப்பதைப் பற்றி அது வாயே திறக்கவில்லை. 14 வயது நிரம்பினால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம், வருஷத்துக்கு இரண்டு முறை நடக்கிறது. “அதுக்கு இன்னும் ஆறு வருஷம் இருக்கு சார். அதுக்குள்ள இவளே ஸ்கூலுக்குப் போறேன்னா போகட்டும்” என்றார். குரலில் பாதி தைரியம், பாதி பயம்.

டீ குடிக்க வெளியே வந்து சிஐடி வளாகம் பக்கம் நடந்தேன். அங்கே இருக்கும் கணித அறிவியல் நிறுவனம் ஒரு வீட்டில் கருக்கொண்டது. மயிலாப்பூர் லஸ்ஸில் அல்லாடி ராமகிருஷ்ணன் தன் வீட்டில் மாணவர்களைக் கூட்டி இயற்பியல் பேசிவந்தார். 1960-ல் சென்னை வந்த இயற்பியலாளர் நீல்ஸ் போர் அந்த மாணவர்களைப் பார்த்து வியந்தார். அதன் தொடர்ச்சியாக 1962 ஜனவரி 3-ல் நிறுவனம் பிறந்தது. இதே தரமணியில் ரோஜா முத்தையா நூலகம். அதுவும் கோட்டையூரில் ஒரு மனிதர் தன் வீட்டில் சேர்த்துச் சேர்த்து வைத்த புத்தகங்களில் தொடங்கியதுதான். இதைத் திரும்பிப் போய் அந்த அம்மாவிடம் சொன்னால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அப்புறம் சொல்லவில்லை. லஸ் வீட்டில் கூடியவர்களுக்குச் சாப்பாடு போட்டது யார், பாத்திரம் தேய்த்தது யார் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

நாலே காலுக்குப் பள்ளி வேன்கள் வந்தன. பெரியவள் பால்கனிக் கம்பியில் முகம் வைத்து நின்றாள். இறங்கிய பிள்ளைகள் அண்ணாந்து கைகாட்டிவிட்டு உள்ளே போனார்கள். பால் குடித்துவிட்டு டியூஷன், அது முடிந்து ஆறு மணிக்குத்தான் விளையாட்டு. அந்த ஒன்றே முக்கால் மணி நேரம்தான் இந்த வீட்டின் மிக நீளமான பகுதி. அதற்கு அலமாரியில் கருவி எதுவும் இல்லை.

நாலரைக்கு, வீட்டு வேலைக்கு வரும் அக்காவோடு அவர் மகளும் வந்தாள். பெரியவள் வயதுதான், மாநகராட்சிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. பையில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின் பயிற்சி நூல். அதில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. பிள்ளை எந்த வகுப்பு என்று பார்க்காமல் எந்த நிலையில் இருக்கிறாள் என்று பார்த்துப் பாடம். “இந்த யோசனையை இவ புத்தகத்தைப் பார்த்துத்தான் சார் எடுத்தேன். எங்க வீட்லயும் ஒரு அரும்பு, ஒரு மொட்டு” என்றார் அம்மா. அவர் அதைக் கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

இரண்டு பெண்களும் கூடத்தில் டீச்சர் விளையாட்டு தொடங்கினார்கள். பள்ளிக்குப் போகிறவள் டீச்சர். அளவுகோலைக் கையில் எடுத்தாள், பழைய டைரியைப் பிரித்தாள். சின்னவனையும் இரண்டு தலையணைகளையும் வரிசையில் உட்காரவைத்தாள். பேர் வாசித்தாள். தலையணைகளுக்கு அவளே குரல் மாற்றிப் பதில் சொன்னாள். பெரியவளின் பேர் வந்தது. அவள் சட்டென்று எழுந்து, முதுகை நிமிர்த்தி, கையைக் கட்டிக்கொண்டு, “உள்ளேன் அம்மா” என்றாள்.

“உக்காரு.”

உட்காரவில்லை. “இன்னொரு தடவை கூப்பிடு” என்றாள்.

அம்மா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கையில் பால் பாத்திரம். டீச்சர் டைரியில் ஒரு டிக் அடித்து, பக்கத்தைத் திருப்பி, முதல் பேரிலிருந்து மறுபடி வாசிக்கத் தொடங்கினாள்.